பள்ளிக்கு எது: ராஸ்பெரி பையா, பழைய லேப்டாப்பா?

குறைந்த செலவில் பள்ளிக்குக் கணினி என்றதும் இந்த இரண்டில்தான் குழப்பம். ராஸ்பெரி பை (சுருக்கமாக ‘பை’) என்பது ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கணினி.

விலை: 2012-இல் பை 35 டாலருக்கு வந்தது. ஆனால் அது வெறும் போர்டு. திரை, கீபோர்டு, மவுஸ், மெமரி கார்டு தனி. லேப்டாப்பில் எல்லாம் கூடவே வரும்.

மின்சாரம்: பைக்குச் சில வாட் போதும். ஆனால் ஓடும்போது கரண்ட் போனால் மெமரி கார்டில் இருக்கும், கணினியை இயக்கும் மென்பொருள் கெட்டுப்போகலாம், அப்புறம் கணினி எழுந்திருக்காது. நகலெடுத்த கார்டு ஒன்று கைவசம் இருக்கட்டும். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, அதில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருந்தால்.

பழுது: பையை அப்படியே மாற்றிவிடலாம். நன்கொடை லேப்டாப்புகள் பல மாடலில் வரும். ஒன்றின் சார்ஜர் இன்னொன்றுக்குச் சேராது. பெரிய தலைவலியே இதுதான்.

தனி அறையும் பழைய மானிட்டர்களும் இருந்தால் பை. வகுப்புக்கு வகுப்பு தூக்கிப்போவதென்றால் லேப்டாப், அதுவும் ஒரே மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.