ப்ளவுஸ் படத்தை எங்கே போட்டால் கடைக்கு ஆள் வரும்?

தையல்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் இதைப் பார்க்கலாம். அளவு ப்ளவுஸைக் கொடுத்த கையோடு போன் வெளியே வரும். "அக்கா, பின் கழுத்து இந்த மாதிரி வேணும்." காட்டுகிற படம் பெரும்பாலும் பின்ட்ரெஸ்ட் (Pinterest) என்ற படத் தளத்தில் எடுத்தது. யார் தைத்தது, எந்த ஊர்க் கடை என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, டெய்லர் அக்காவுக்கும் தெரியாது.

அப்படியானால் படத்தைப் போட்டவருக்கு என்னதான் கிடைத்தது? ஆரி ஒர்க் ப்ளவுஸை சொந்த வெப்சைட்டில் விற்கிற எனக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. இன்ஸ்டாகிராம், பின்ட்ரெஸ்ட், கூகுள் படத்தேடல் மூன்றிலும் படம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்ஸ்டாகிராமில் வேகம் உண்டு. ஒரு ரீல் ஓடிவிட்டால் விடிவதற்குள் கமென்டில் "பிரைஸ் ப்ளீஸ்" குவிந்துவிடும். ஆனால் சில நாளில் அந்த ரீல் அடியில் போய்விடும். போஸ்டுக்குக் கீழே லிங்க் எழுதினாலும் அதைத் தொட்டுப் போக முடியாது. பயோவில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம், ஸ்டோரியில் ஒட்டலாம், ஸ்டோரியோ 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் ஆட்கள் வெப்சைட்டுக்கு வருவதில்லை, மெசேஜுக்குத்தான் வருகிறார்கள். வாட்ஸ்அப்பிலேயே பேசி, ஜிபே வாங்கி, பார்சல் அனுப்புகிறவர்களுக்கு இதுவே போதும். அவர்கள் பின்ட்ரெஸ்ட் பக்கம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பின்ட்ரெஸ்டும் இன்ஸ்டாகிராம் வந்த அதே 2010-இல் வந்ததுதான், ஆனால் குணம் வேறு. ஆல்பம் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே அது தேடுபொறி. அங்கே போடுகிற படத்துக்கு 'பின்' (pin) என்று பெயர். ஒவ்வொரு பின்னோடும் நாம் கொடுக்கிற நம் பக்கத்தின் லிங்க் சேர்ந்தே போகும். தொடங்கிய முதல் இரண்டு மாதம் ஈ காக்கை வராது. அப்புறம், நாமே மறந்துபோன ஒரு படம் வழியாக ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள்.

பிசினஸ் அக்கவுன்ட்டுக்குக் காசு கிடையாது. படம் நெட்டுக்குத்தாக இருக்கட்டும், 1000-க்கு 1500 பிக்ஸல் சரியான அளவு. தலைப்பில் "எங்கள் புது கலெக்‌ஷன்" என்று போடாதீர்கள், அதை யாரும் தேடுவதில்லை. கல்யாணப் பெண்ணின் அக்கா என்ன டைப் செய்வாளோ அதைப் போடுங்கள்: "பச்சைப் பட்டுக்கு மெரூன் ஆரி ப்ளவுஸ், பின் கழுத்து டிசைன்". நான் ஆங்கில எழுத்திலும் சேர்த்தே போடுகிறேன், நம் ஆட்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். கணக்கு பார்க்கும்போது எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற பெரிய எண்ணில் மயங்க வேண்டாம். வெளியே போன கிளிக் எத்தனை என்பதுதான் வியாபாரம்.

ஒரு தடவை சரக்கு தீர்ந்ததும் பக்கத்தையே அழித்துவிட்டேன். பின்ட்ரெஸ்டில் அதன் பின் மட்டும் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது "பக்கம் இல்லை" என்ற வெள்ளைத் திரை. இப்போது பக்கத்தை அழிப்பதில்லை, அதிலேயே வேறு டிசைனைக் காட்டிவிடுகிறேன்.

பின்ட்ரெஸ்டின் பெரிய குறை, ஆரம்பத்தில் சொன்ன தையல்கடைதான். டிசைனைப் பார்த்தவர் படத்தைச் சேமித்துக்கொண்டு தன் டெய்லரிடம் போய்விடுவார். கூட்டம் வரும், காசு வராது. ரொம்ப நாள் புலம்பிவிட்டு, விற்கிற பொருளை மாற்றினேன். தைத்த ப்ளவுஸோடு, அதே டிசைனுக்கான டிரேஸிங் தாள், கட் பீட்ஸ், ஜர்தோசி, பட்டு நூல் எல்லாம் போட்ட ஒரு செட். படத்தை எடுத்துப் போகிற டெய்லரே இப்போது வாடிக்கையாளர். இந்த மாற்றம் இல்லாமல் பின்ட்ரெஸ்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கூகுள் படத்தேடலில் அதிக வேலை இல்லை. 2018-இல் படத்தை மட்டும் தனியாகத் திறக்கும் பொத்தானை கூகுள் எடுத்துவிட்டது, படத்தைப் பெரிதாகப் பார்க்க நம் பக்கத்துக்கே வருவார்கள் என்பதால் அது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. கேமரா வைத்த எண் பெயரோடு படத்தை ஏற்றாமல், என்ன படம் என்று ஃபைல் பெயரிலும் ஆல்ட் டெக்ஸ்டிலும் (வெப்சைட்டில் படத்தோடு சேர்க்கும் விளக்க வரி) எழுதினால் சரி. வெப்சைட் இருக்கிறவர் எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

இப்போதைக்கு என் நேரத்தில் பெரும்பகுதி பின்ட்ரெஸ்டுக்கு, வாரம் இரண்டு ரீல் இன்ஸ்டாவுக்கு. ஆடியில் ஆர்டர் குறைவு, கை சும்மா இருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கான பின்களை அப்போதே ஏற்றிவிடுகிறேன். தை மாதத்துக்கு உரியவை கார்த்திகை கடைசியிலேயே போய்விடும்.