ப்ராசஸ் காட்டும் ஃபைல் சிஸ்டம்: ஃபியூஸா, கர்னல் மாட்யூலா?

லினக்ஸில் ஓடும் ப்ராசஸ்களை (அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை) ஃபோல்டர்களாகக் காட்ட இரண்டு வழிகள். ஃபியூஸ் என்றால் ஃபைல் சிஸ்டத்தைச் சாதாரண புரோகிராமாகவே எழுதுவது. கர்னல் மாட்யூல் என்றால் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே ஏற்றும் கோட். இரண்டில் எதை எடுப்பது?

பிழை வந்தால்: ஃபியூஸில் உங்கள் புரோகிராம் மட்டும் விழும், அன்மவுன்ட் செய்து மறுபடி ஓட்டலாம். மாட்யூலில் மெஷினே தொங்கிவிடலாம்.

வேகம்: மாட்யூல்தான். ஆனால் சில நூறு ப்ராசஸுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

பராமரிப்பு: ப்ராக் (/proc) என்பது ப்ராசஸ், கர்னல் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் லினக்ஸ் ஃபோல்டர். 2020இல் வந்த 5.6 கர்னலில், மாட்யூல்கள் அதில் ஃபைல் உருவாக்கும் இன்டர்ஃபேஸ் மாறியது. அதைப் பயன்படுத்திய பழைய மாட்யூல்களைத் திருத்தாமல் கம்பைல் செய்ய முடியவில்லை. இந்தத் தலைவலி ஃபியூஸில் மிகக் குறைவு.

ஃபியூஸில் ஒன்றை மறக்காதீர்கள். ஃபைல் அளவு 0 என்று காட்டினால், உள்ளே தகவல் இருந்தும், ஃபைலைப் படித்துக் காட்டும் 'கேட்' (cat) கட்டளை வெறுமையாகத் திரும்பும். ஃபைல் அளவைப் பார்க்காமல் உங்கள் புரோகிராமிடமே நேராகக் கேட்டுப் படிக்கும் டைரக்ட் ஐஓவை (direct_io) ஆன் செய்தால் சரியாகிவிடும்.

கற்றுக்கொள்ளவும் சொந்த டூலுக்கும் தயங்காமல் ஃபியூஸ். ப்ராக் காட்டாத கர்னல் விவரம் வேண்டுமென்றால் மாட்யூல். அதையும் முதலில் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பாருங்கள்.