லாங்ஆர்ம் குவில்ட்டிங்குக்கு குடுத்த அனுபவம், ஒண்ணு மோசம் ஒண்ணு அருமை

ராத்திரி ராத்திரியா உக்காந்து மூணு மாசம் ஒட்டுப்போட்டு தச்ச டாப்பு, அதாவது குவில்ட்டுங்கிற பஞ்சு வச்ச போர்வையோட மேல்துணி, 60க்கு 80 இன்ச். வீட்டு மிஷின்ல அவ்ளோ துணியையும் சுருட்டி உள்ள நுழைச்சு குவில்ட் பண்றது, அதாவது மேல்துணி, நடுவுல பஞ்சு, அடித்துணி மூணையும் சேத்து டிசைனா தைக்கிறது, என்னால ஆகாது, அதான் லாங்ஆர்ம்ங்கிற பெரிய குவில்ட்டிங் மிஷின் வச்சிருக்கவங்ககிட்ட குடுத்தேன்.

முதல்ல குடுத்த இடத்துல முன்பக்க போட்டோ மட்டும் பாத்து குடுத்துட்டேன். வந்ததும் திருப்பிப் பாத்தா வயிறு எரிஞ்சுது. வளைவு வர்ற இடத்துல எல்லாம் பாபின் நூல் தையலுக்குள்ள உக்காராம கம்பி மாதிரி மேலாக்க கிடக்கு, நகத்தால இழுத்தா கையோட வருது, நூலோட இறுக்கத்தை (டென்ஷன்) சரியா வைக்காம வேகமா ஓட்டியிருக்காங்க. அத்தனையையும் பிரிக்கவா முடியும்? அதனால சொல்றேன், யார்கிட்ட குடுத்தாலும் அவங்க முடிச்ச குவில்ட்டோட பின்பக்கத்தை கிட்டக்க காட்ட சொல்லுங்க, தயங்கினா விட்டுடுங்க.

ரெண்டாவது டாப்புக்கு கிடைச்ச அக்கா வேற மாதிரி. எடுத்ததுமே கேட்டது இது யாருக்கு, எத்தனை தடவை துவைப்பீங்கன்னு. குழந்தை போத்திக்கிறதுக்குன்னதும் நெருக்கமா குவில்ட் பண்ணா விறைச்சுக்கும், போர்வை மாதிரி தொங்காதுன்னு சொல்லி, ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும் ஒரே டிசைனா ஓடுற இடைவெளி விட்ட பேட்டர்ன் காட்டினாங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி டிசைன் போட்டா கூலி நல்லா ஏறும், இதுக்கு அது வேணாம்னும் அவங்களே சொன்னாங்க. அடித்துணி, பேட்டிங் பஞ்சு ரெண்டும் நாலு பக்கமும் 4 இன்ச் கூட இருக்கணும், அதாவது 60க்கு 80 டாப்புன்னா 68க்கு 88, அடித்துணியை ஒட்டு போடுறப்ப ஓரக் கரையை வெட்டிடணும், இல்லன்னா அந்த இடம் இழுத்துக்கும்.

எனக்கு மனசுல நின்னது இதுதான், மிஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடியே போன் பண்ணி பார்டர் அலை அலையா இருக்கு, குவில்ட் பண்ணா சரியாகாது, மடிப்பு விழுந்துடும்னாங்க. கூச்சமா இருந்தாலும் திரும்ப வாங்கி பிரிச்சு, டாப்போட நடுவுல அளந்து அந்த நீளத்துக்கே பார்டரை வெட்டி தச்சேன், அப்புறம் தட்டையா உக்காந்துச்சு. முதல் ஆளு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவே மாட்டாங்க. நூல் கலரும் அப்படித்தான், நான் வெள்ளைன்னு அடம்பிடிச்சேன், அவங்க நாலஞ்சு நூலை டாப்பு மேலயே விரிச்சு போட்டோ அனுப்புனாங்க, இளஞ்சாம்பல்தான் எடுப்பா இருந்துச்சு.

கூலி சதுர இன்ச் கணக்கு, 60 பெருக்கல் 80ன்னா 4800, அதை ரேட்டால பெருக்கணும். நூல், பேட்டிங், ஓரம் கட்டுறது எது சேரும் எது சேராதுன்னு முன்னாடியே எழுதி குடுத்தாங்க.

குறைன்னா சொன்ன தேதிக்கு மேல ரெண்டு வாரம் ஆச்சு, நடுவுல நானா கேட்டாதான் பதில். ஆனா குவில்ட்டை வாங்கினதும் முதல் வேலையா பின்பக்கத்தை திருப்பி விரலால தடவிப் பாத்தேன், ஒரு நூல் கூட தட்டுப்படல. அடுத்த டாப்புக்கு இப்பவே வரிசையில பேர் குடுத்துட்டேன்.