விண்ணப்ப எண் கையில் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்

திண்டுக்கல் பக்கம் சத்துமாவு அரைத்து விற்கிறோம். 2014-ல் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காக அம்மா வறுத்து அரைக்கத் தொடங்கியது, இன்று மதுரை, தேனி வரை நாற்பது கடைகளுக்குப் போகிறது. பாக்கெட்டில் இருக்கும் பெயரும் அம்மா வைத்ததுதான். அந்தப் பெயர் கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. சிறுதொழில் செய்கிறவர்கள் யாருக்கும் இது நேரக்கூடாது என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

2021-ல் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்தேன். அடுத்த வாரமே, பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்து தருவதாக ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன். "மேடம், உங்க பேரை வேற யாராவது பதிஞ்சுட்டா நீங்க கடையை மூட வேண்டியதுதான்" என்று ஒரு தம்பி பேசினார். பயந்துபோனேன். மொத்தம் 14,500 ரூபாய்: அரசுக் கட்டணம் 9,000, அவர்கள் கூலி 5,500. ஆதார் நகல், லோகோ, ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் விண்ணப்ப எண் வந்தது. "டிரேட்மார்க் ஆயிடுச்சு மேடம், இனி தைரியமா வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாம்" என்றார். அந்தக் குறியோடு பத்தாயிரம் கவர் அச்சடித்தேன்.

2024 பிப்ரவரியில் மதுரைக்குச் சரக்கு போடப் போனபோது கடைக்கார அண்ணாச்சி, "ஏம்மா, உங்க மாவு வேற ஊர்ல இருந்தும் வருதே, கிளை ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எடுத்துக் காட்டினார். அதே பெயர், முகவரி மட்டும் வேறு மாவட்டம். அன்று இரவு மாமாவுக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தேன். டிரேட்மார்க் பதிகிற அரசு அலுவலகமான வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் விண்ணப்பத்தின் நிலையை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாமாம். எனக்கு அதுவே அன்றுதான் தெரியும். என் விண்ணப்பத்துக்கு நேரே 'அபாண்டண்ட்' என்று இருந்தது. கைவிடப்பட்டதாம். 2022-லேயே.

அங்கிருந்தே, என் பெயரில் போட்டிருந்த விண்ணப்பமான டிஎம்-ஏ படிவத்தையும் இறக்கி வக்கீல் எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வரியும் வலித்தது.

டிரேட்மார்க் பதிவுக்காகச் சரக்கும் சேவையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 34 வரை சரக்கு, அதற்கு மேல் சேவை. தானிய மாவுக்கு 30-ஆம் வகுப்பு. எனக்குப் போட்டிருந்தது 35, விளம்பரமும் வியாபார சேவையும் வருகிற வகுப்பு. பெயர் எப்போதிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது என்ற இடத்தில் 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்று எழுதியிருந்தார்கள். ஏழு வருடமாக விற்ற பெயர்! 2014 என்று எழுதியிருந்தால் பிரமாணப் பத்திரமும் பழைய பில்களும் இணைக்க வேண்டும். அந்த வேலையை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்றார் வக்கீல். இந்த நாட்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தில் முதலில் பதிந்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கே பலம் அதிகம். 34-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. என் கையிலிருந்த ஒரே பலத்தை அவர்களே எழுதாமல் விட்டிருக்கிறார்கள். கடையை மூட வேண்டிவரும் என்று அந்தத் தம்பி சொன்னதும் அப்படியே பொய்.

தொடர்பு மின்னஞ்சல் என்ற இடத்தில் என்னுடையது இல்லை, அவர்களுடையது. பதிவகம் ஆட்சேபம் தெரிவித்துப் பரிசோதனை அறிக்கை அனுப்பியிருக்கிறது. கிடைத்த 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அறிக்கை அவர்களுக்குப் போனது, பதில் போகவில்லை, விண்ணப்பம் செத்துப்போனது. போன் செய்து கேட்டேன். "ரிப்ளைக்குத் தனி பேக்கேஜ் மேடம், நீங்க எடுக்கலையே" என்றார்கள். அந்தப் பதிலுக்கு அரசாங்கம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அறிக்கை வந்ததையே எனக்குச் சொல்லாதவர்கள் பேக்கேஜ் கதை பேசினார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது என் எண்ணை பிளாக் செய்திருந்தார்கள்.

கட்டண ரசீதையும் பார்த்தோம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் ஆகியோருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான், மற்றவர்களுக்குத்தான் 9,000. என் உத்யம் சான்றிதழை வைத்து 4,500 கட்டிவிட்டு, என்னிடம் 9,000 வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கே அரசு ரசீதைக் கேட்டிருக்க வேண்டும்.

கவர் விஷயம் கேட்டபோதுதான் எனக்குக் கைகால் நடுங்கியது. பதிவுச் சான்றிதழ் வராமல் வட்டத்துக்குள் ஆர் போடுவது அதே சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி அப்போது குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது; 2024 ஆகஸ்டில்தான் சிறை நீங்கி, பணத் தண்டம் மட்டும் என்று மாறியது. டிஎம் என்று போட்டுக்கொள்ள மட்டும் தடை இல்லை. மீதமிருந்த நாலாயிரம் கவரையும் அழித்தோம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நல்லது நடந்தது. அந்த வேறு மாவட்டக்காரர் 30-ஆம் வகுப்பில் போட்ட விண்ணப்பம் ஜனவரியில்தான் பதிவகத்தின் இதழான டிரேட்மார்க்ஸ் ஜர்னலில் வெளியாகியிருந்தது. வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு தெரிவிக்கலாம். ஏப்ரலில் டிஎம்-ஓ படிவம் போட்டோம், கட்டணம் 2,700 ரூபாய். கூடவே சரியான வகுப்பில், 2014 முதல் பயன்பாடு என்று, என் மின்னஞ்சலைப் போட்டுப் புதிதாக விண்ணப்பித்தோம். பிரமாணப் பத்திரத்தோடு இணைக்க அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து கவர் அச்சடித்த 2014-ஆம் வருடத்து பில் கிடைத்தது. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் தேதி தெளிவாக இருந்தது. பழைய பில், உணவுப் பாதுகாப்பு உரிமம், கடைகளுக்குப் போட்ட சிட்டை எதையும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

லோகோவையும் வக்கீல் கேட்டார். வரைந்தது வெளியாள். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வரைந்தால் முதலாளிக்குச் சேரும். வெளியாள் வரைந்தால், காசு கொடுத்திருந்தாலும், எழுதி வாங்காதவரை பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருக்கே. எழுதி வாங்கும்போதும் எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். லோகோ வரைந்த தம்பி நல்ல மனசுக்காரர், மறுநாளே எழுதிக் கொடுத்தார்.

பதிவகத்தின் முன் உங்களுக்காக ஆஜராக, வெளியாட்களில் வக்கீலுக்கோ, பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்டுக்கோதான் உரிமை. போனில் யார் பேசினாலும் ஏஜென்ட் பதிவு எண்ணைக் கேளுங்கள். என்னிடம் பேசியவருக்கு அப்படி ஒன்றே இல்லை. டிஎம்-ஏ படிவத்தைத் தாக்கல் செய்வதற்கு முன்னால் முழுதாக வாங்கிப் படியுங்கள். வகுப்பு, பயன்பாட்டுத் தேதி, மின்னஞ்சல் இந்த மூன்றையும் நீங்களே சரிபாருங்கள்.

எதிர்த்தரப்பு தனக்குரிய இரண்டு மாதத்துக்குள் பதில் அறிக்கை கொடுத்துவிட்டது. இப்போது சாட்சியங்கள் போகிற கட்டம். புது கவரில் டிஎம் மட்டும் போட்டிருக்கிறோம். விண்ணப்ப நிலையை வாரம் ஒருமுறை நானே பார்க்கிறேன்.