வேர்ல்ட் அத்லெடிக்ஸின் ஷூ பட்டியல்: எதை நம்பலாம், எங்கே கவனம் வேண்டும்

புது ஸ்பைக் (அடியில் ஊசி பொருத்திய ஓட்ட ஷூ) வாங்கும்போது பத்துக் கடையில் விலை விசாரிக்கிறோம். அந்த ஷூவைப் போட்டு ஓடினால் முடிவு செல்லுமா என்பதை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம். அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. தடகளத்தின் உலக நிர்வாக அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸ் நடத்தும் ‘செர்ட்செக்’ என்ற இணையப் பக்கத்தில் அனுமதி பெற்ற ஷூக்களின் பட்டியல் முழுவதும் கிடைக்கிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கைபேசியிலேயே திறக்கும். தடகளத்தில் தகுதி குறித்த விதிகள் ஏராளம். அவற்றில் ஒரு வீரர் தானே வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளக்கூடியவை மிகச் சில. ஷூ விதி அந்தச் சிலவற்றில் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான். அதற்காகவே இது பாராட்டுக்குரிய சேவை. ஆனால் இதைத் தப்பாகப் படிக்க வழிகள் நிறைய இருக்கின்றன. அப்படிப் படித்தால் போவது பதக்கம்.

முதலில் தேடும் முறை. நிறுவனத்தின் பெயரைப் போட்டு, பிறகு மாடலின் பெயரைப் போடுங்கள். ஒவ்வொரு ஷூவுக்கும் நிறுவனம், மாடல் பெயர், மாடல் எண், எந்தெந்தப் போட்டிகளுக்கு அனுமதி என்ற விவரம் வரும். பலவற்றுக்குப் படமும் உண்டு. பெரும்பாலானோர் பெயரைப் பார்த்ததும் திருப்தியாகி மூடிவிடுகிறார்கள். பெயர் மட்டும் போதாது. நியூ பேலன்ஸின் எஸ்சி டிரெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பின் குதிகால் பகுதி 47 மி.மீ. உயரம், சாலைப் போட்டிக்கே ஆகாது. இரண்டாம் பதிப்பில் அதை 40 மி.மீ.க்குக் குறைத்தார்கள். கடையில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், பின்னால் வரும் ஒற்றை எண்தான் வித்தியாசம். ஆகவே ஷூ நாக்கின் உள்பக்கம் தைத்திருக்கும் சிறிய லேபிளைப் புரட்டி, அதிலுள்ள மாடல் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நைக்கி லேபிளில் சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் நிறத்தைக் குறிப்பது. அது மாறியிருந்தால் பதற வேண்டாம், முன்பகுதி பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது போட்டி வகை. எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். பட்டியலில் இருக்கும் ஷூ எல்லாப் போட்டிக்கும் ஆகும் என்று அர்த்தமில்லை. சாலை ஓட்டத்துக்கும் நடைப் போட்டிக்கும் சோலின் உயரத்துக்கு உச்சவரம்பு 40 மி.மீ. ட்ராக்கில் நடக்கும் எல்லா ஓட்டங்களுக்கும், தடை ஓட்டத்துக்கும், ஸ்டீப்பிள்சேஸுக்கும் 20 மி.மீ. தாண்டுதல், எறிதல் எல்லாவற்றுக்கும் அதே 20. கிராஸ் கன்ட்ரியில் ஸ்பைக் என்றால் 20, ஸ்பைக் இல்லாத ஷூ என்றால் 40. மலை ஓட்டத்துக்கும் டிரெயில் ஓட்டத்துக்கும் வரம்பே இல்லை. மாரத்தானுக்காக வாங்கிய கார்பன் தகடு ஷூவோடு ட்ராக்கில் 10,000 மீட்டர் ஓட இறங்குகிறவர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஷூ பட்டியலில் இருக்கும், பச்சைக்கொடி காட்டுவதுபோலவே தெரியும். எதிரே எழுதியிருக்கும் போட்டிகளில் சாலை மட்டும்தான் இருக்கும்.

இந்த 20 மி.மீ. புதிது. 2020 ஜூலை இறுதியில் வந்த விதியில் 800 மீட்டருக்குக் கீழுள்ள ஓட்டங்களுக்கு 20, 800 மீட்டரும் அதற்கு மேலும் 25, மும்முறைத் தாண்டுதலுக்கும் 25 என்று பிரித்திருந்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் எல்லாம் 20 ஆகிவிட்டது. அந்த 25 மி.மீ. காலத்தில் வடிவமைத்த நடுத்தூர, நெடுந்தூர ஸ்பைக்குகள் பாதி விலைக்குத் தள்ளுபடியில் கிடைத்தால், விலை ஏன் குறைந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பழைய பிடிஎஃப் பட்டியல்களும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன; 2022-ல் யாரோ பகிர்ந்த படத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. போட்டிக்கு முந்தைய வாரம் செர்ட்செக்கில் நேரடியாகத் தேடி, நாள் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த மில்லிமீட்டர் கணக்கு ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்று கேட்பவர்களுக்கு: 2017-ல் நைக்கி வேப்பர்ஃபிளை சந்தைக்கு வந்தபோது, ஒரே வேகத்தில் ஓட உடலுக்குத் தேவைப்படும் சக்தி அதில் சராசரியாக 4 சதவீதம் குறைகிறது என்று ஆய்வகத்தில் அளந்து காட்டினார்கள். எடை குறைந்த, நசுங்கி நிமிரும்போது வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் ஃபோம், நடுவில் விறைப்பான தகடு, இரண்டும் சேர்ந்த பலன் அது. ஃபோம் கூடக்கூடப் பலனையும் கூட்ட முடியும் என்பதால், உயரத்துக்கு ஒரு கூரை போட்டார்கள். 2020 ஜனவரி 31 அன்று வந்த விதி அது: சாலைக்கு 40 மி.மீ., ஒரு ஷூவுக்குள் ஒரு விறைப்பான தகடுக்கு மேல் கூடாது. ஸ்பைக் ஷூவில் ஊசிகளைப் பொருத்துவதற்காகக் கூடுதலாக ஒரு தகடு இருக்கலாம். ஷூவுக்குள் உணர்கருவியோ வேறு மின்னணுச் சமாச்சாரமோ பொதித்திருக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருப்பவர் மட்டும் 50 மி.மீ. ஃபோமில் ஓட, பக்கத்தில் கடையில் வாங்கிய ஷூவோடு ஒருவர் ஓடுவது பந்தயமாகாது. இந்த விதி அவசியம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

பட்டியலின் பெரிய குறை என்று நாம் நினைப்பது, ஒரு ஷூ எத்தனை மி.மீ. என்று அளந்தார்கள் என்பது அதில் இல்லாதது. அனுமதி உண்டு என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் ஆளாளுக்கு ஸ்கேலை எடுத்து வெளியிலிருந்து அளக்கிறார்கள். அந்த அளவு தப்பாகத்தான் வரும். இன்றைய ஷூக்களில் பக்கவாட்டு ஃபோம், பாதம் உட்காரும் தளத்தைவிட உயரமாக எழும்பி நிற்கிறது; வெளியே 46 காட்டும் ஷூ உள்ளே 39 ஆக இருக்கலாம். விதிப்படி அளப்பது இரண்டு இடங்களில். ஷூவின் உள்நீளத்தில் குதிகால் முனையிலிருந்து 12 சதவீதத் தூரத்தில் ஒன்று, 75 சதவீதத் தூரத்தில் இன்னொன்று. உள்நீளம் 270 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்முனையிலிருந்து 32.4 மி.மீ.யில் குதிகாலின் நடு, 202.5 மி.மீ.யில் முன்பாதத்தின் நடு. அந்தப் புள்ளிகளில் உள்தளத்தின் மேற்பரப்பிலிருந்து வெளிச்சோலின் அடிவரை உள்ள கனம்தான் கணக்கு. கழற்றி மாட்டும் இன்சோலும் (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வரும் மெத்தை) அதில் அடக்கம்.

இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வரம்பை ஒட்டியே தயாரித்த ஷூவில் ஒரிஜினல் இன்சோலை எடுத்துவிட்டு, சொகுசுக்காக 3 மி.மீ. கூடுதலான ஒன்றைப் போட்டால் ஷூ வரம்பைத் தாண்டிவிடும். பட்டியல் அனுமதித்தது நிறுவனம் அனுப்பிய ஷூவை, நீங்கள் மாற்றியதை அல்ல. கால்வலிக்காக மருத்துவர் தனி இன்சோல் எழுதிக் கொடுத்திருந்தால், போட்டிக்கு முன்பே தடகளச் சம்மேளனம் வழியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சோலைச் சீவுவது, கூடுதலாக ஒட்டுவது, தகடு சொருகுவது எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

பட்டியலில் ‘டெவலப்மென்ட் ஷூ’ என்ற குறிப்போடு சிலவற்றைப் பார்ப்பீர்கள். சந்தைக்கு வராத, சோதனையில் இருக்கும் ஷூக்கள் அவை. உயரமும் தகடும் வரம்புக்குள் இருந்தால், தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்து, அதிகபட்சம் 12 மாதத்துக்கு அனுமதிக்கிறார்கள். ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் இவற்றுக்கு இடமில்லை. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோ மாரத்தானில் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோது காலில் இருந்தது இந்த வகை ஷூதான். பட்டியலில் நைக்கி டெவ் 163 என்று இருந்த அது, பிறகு ஆல்ஃபாஃபிளை 3 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெரும் நிறுவனத்தின் ஆதரவு இருப்பவருக்கு ஓராண்டு முன்னதாகவே புது ஷூ கிடைக்கிறது என்ற வருத்தம் நியாயமானதுதான். இருந்தாலும் அந்த ஷூ இருக்கிறது என்பதும், எதுவரை செல்லும் என்பதும் உலகத்துக்கே தெரிகிற மாதிரி எழுதிப் போட்டிருக்கிறார்களே, அந்த அளவுக்கு இது 2020-க்கு முந்தைய நிலைமையைவிட எவ்வளவோ மேல்.

தேடிய ஷூ பட்டியலிலேயே இல்லையென்றால்? பெயரை வேறு மாதிரி எழுதியிருக்கலாம். நிறுவனமே சமர்ப்பிக்காமல் இருக்கலாம். வரம்பைத் தாண்டிய பயிற்சி ஷூவாகவும் இருக்கலாம். ஆசிக்ஸ் சூப்பர்பிளாஸ்ட் போல 45 மி.மீ. உள்ளவை பயிற்சிக்கு அருமையானவை, அவற்றைத் தயாரித்த நோக்கமே அதுதான். இந்த மூன்றில் எது காரணம் என்று பக்கம் சொல்வதில்லை. சிறிய உள்நாட்டு நிறுவனங்களின் ஸ்பைக்கை வாங்குகிற மாணவருக்கு இது உண்மையான சிரமம். ‘வரம்பைத் தாண்டியது’, ‘இன்னும் பரிசோதிக்கவில்லை’ என்று இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும். இல்லாத ஷூவைப் பற்றி நடுவரிடம் முதல்நாளே கேளுங்கள். அழைப்பறையில் (போட்டிக்குச் சற்று முன் வீரர்களைக் கூட்டிச் சரிபார்க்கும் அறை) கேட்டால் மாற்று ஷூவுக்கு நேரம் இருக்காது.

ஊசிகளைப் பற்றியும் இந்தப் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். ஷூவுக்குத்தான் அனுமதி, நீங்கள் திருகும் ஊசிக்குத் தனி விதி. ஒரு ஷூவில் அதிகபட்சம் 11 ஊசி. சோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 9 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 மி.மீ. நுனிப்பக்கத்துப் பாதி, 4 மி.மீ. சதுரத் துளைக்குள் நுழைய வேண்டும். இது உச்சவரம்பு மட்டுமே. செயற்கை ட்ராக் சேதமாகாமல் இருக்க மைதானங்கள் இன்னும் குறைவாகவும் கேட்கலாம், அதனால் பையில் 6 மி.மீ. ஊசி ஒரு தொகுப்பும் திருகுசாவியும் இருக்கட்டும். மண் மைதானத்தில் ஓடிப் பழகியவர்களின் ஊசி அடித்துளையில் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அதை அழைப்பறை வாசலில் கழற்ற முயன்றால் தலை மழுங்கிவிடும். முந்தைய இரவே கழற்றி, புரியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டுங்கள்.

மொழி இன்னொரு குறை. விதிகளும் பட்டியலும் ஆங்கிலத்தில் இருப்பதால், மாவட்டத்திலிருந்து முதன்முதலாகத் தேசியப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் பயிற்சியாளர் சொல்வதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். பயிற்சியாளர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்து, போட்டி வகை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை விரல் வைத்துக் காட்டினால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

பட்டியல் சரியாக இருந்தும் ஒருவர் வெற்றியை இழந்த கதை 2021 செப்டம்பர் 12 அன்று வியன்னா மாரத்தானில் நடந்தது. எத்தியோப்பியாவின் தெரரா ஹுரிசா 2 மணி 9 நிமிடம் 22 விநாடியில் முதலாவதாக வந்தார். அவர் காலில் இருந்தது அடிடாஸ் அடிஸீரோ பிரைம் எக்ஸ், சோல் 50 மி.மீ. முன்கூட்டிக் கொடுத்த படிவத்தில் அவர் எழுதியிருந்தது அனுமதி பெற்ற வேறொரு ஷூ. படிவத்தில் தப்பில்லை, பந்தயத்தன்று மாட்டியது பயிற்சி ஷூ. பந்தயம் முடிந்த சிறிது நேரத்திலேயே தகுதிநீக்கம் செய்தார்கள். மூன்று விநாடி பின்னால் வந்த கென்யாவின் லியோனார்ட் லங்காட் வெற்றியாளரானார். 42 கிலோமீட்டர் ஓடி முடித்தபின் இது தெரியவந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது. தொடக்கக் கோட்டில் ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் ஹுரிசாவுக்கு ஷூ மாற்றவாவது ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

பயிற்சி ஷூவும் போட்டி ஷூவும் ஒரே நிறுவனம், ஒரே நிறம் என்று வாங்குகிறவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் எளிதாக வரும். வேறு நிறத்தில் வாங்குங்கள். போட்டி ஷூவின் நாக்கு லேபிளைப் படமெடுத்து, செர்ட்செக் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து வையுங்கள். பயிற்சி ஜோடியை விடுதி அறையிலேயே விட்டுவிட்டு, மைதானத்துக்குப் போகும் பையில் படிவத்தில் எழுதிய ஜோடியை மட்டும் வையுங்கள்.