வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டுவது: பல ஆண்டுப் பயன்பாட்டில் எது நிற்கிறது, எது உடைகிறது

வீட்டுக்கடனுக்கு மாதத் தவணையோடு கூடக் கொஞ்சம் சேர்த்துக் கட்டும் பழக்கம் முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் நன்றாகத்தான் ஓடும். இரண்டாவது ஆண்டில் வண்டி பழுதாகும், பிள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டி வரும், எதிர்பார்த்த சம்பள உயர்வு தள்ளிப்போகும். அப்போதும் அந்தக் கூடுதல் தொகை தடையில்லாமல் போகிறதா, வீட்டில் முகம் சுளிக்காமல் போகிறதா என்பதை வைத்துத்தான் இந்த முறையை எடைபோட வேண்டும். நீண்ட காலம் ஓட்டும்போது கணக்கு பொய்ப்பதில்லை. ஆட்கள்தான் களைத்துப்போகிறார்கள். அதனால் தொகையைக் கடன் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாமல், குடும்பத்தின் தாங்குசக்தியைப் பார்த்து முடிவு செய்தவர்கள்தான் கடைசி வரை போகிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. கடன் 30 லட்சம், வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான். இஎம்ஐ, அதாவது மாதத் தவணை, 26,035 வரும். முதல் மாதம் அதில் 21,250 வட்டிக்குப் போய்விடும், அசலில் கழிவது 4,785 மட்டுமே. இப்படியே கட்டிக்கொண்டு போனால் அசலில் பாதி கழிய 13 ஆண்டும் 10 மாதமும் ஆகும். மொத்த வட்டி சுமார் 32.5 லட்சம், அதாவது வாங்கிய கடனைவிட அதிகம்.

இதோடு மாதம் 3,000 சேர்த்துக் கட்டினால் கடன் 187 மாதத்தில் முடிகிறது. 53 மாதம் குறைகிறது, வட்டியில் ஏறக்குறைய 8.3 லட்சம் மிச்சம். மாதாமாதம் முடியாது, ஆண்டுக்கு ஒரு இஎம்ஐ மட்டும் கூடுதலாகக் கட்டுகிறேன் என்றால் சுமார் 40 மாதம் குறையும். எப்போது கட்டுகிறோம் என்பதும் பெரிய விஷயம். முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் கட்டினால் 18 மாதம் குறைகிறது, வட்டியில் 3.7 லட்சம் மிச்சமாகிறது. அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் ஆறு மாதம்கூட முழுதாகக் குறையாது, மிச்சம் 50,000 அளவில் நிற்கும். கடைசி ஐந்து ஆண்டில் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி அடைப்பதில் பலன் குறைவு. அந்தக் கட்டத்தில் பிள்ளைகளின் மேற்படிப்பும் சேர்ந்து வருமானால், கூடுதல் கட்டுவதை நிறுத்திவிட்டுப் படிப்புக்குத் திருப்புவதே சரி என்பது என் கருத்து.

சிக்கனத்தைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மாறும் வட்டிக் கடனாக இருந்தால், புதிதாகக் கடன் வாங்குபவருக்கு உங்கள் வங்கி இன்று என்ன வட்டி சொல்கிறது என்று பாருங்கள். பழைய வாடிக்கையாளர் அதைவிட அதிகம் கட்டிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். எழுத்தில் கேட்டு, தேவையானால் ஒரு சிறு கட்டணம் கட்டி, 8.5-ஐ 8 சதவீதமாக இறக்கி, இஎம்ஐயை மட்டும் பழைய 26,035-லேயே வைத்துக்கொண்டால் கடன் 220 மாதத்தில் முடியும். இது மாதம் 920 கூடுதலாகக் கட்டுவதற்குச் சமம், வீட்டில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்காமலே. வட்டி இறங்கும்போது இஎம்ஐயும் தானாக இறங்கிவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. அதனால் "தவணை மாறக் கூடாது, காலம் குறைய வேண்டும்" என்று கடிதத்தில் எழுதுங்கள்.

வட்டி ஏறும்போது இதன் மறுபக்கம் வரும். பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும், மாதச் செலவில் எதுவும் மாறாததால் நம் கண்ணில் படாது. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வட்டி 10 சதவீதமாகி இஎம்ஐ அதே 26,035-ல் நின்றால், 240 மாதக் கடன் 388 மாதத்தைத் தாண்டும். 12 ஆண்டுக்கு மேல் கூடிவிட்டது! ஆண்டுக்கு இருமுறையாவது "மீதமுள்ள தவணைகள்" என்ற ஒரே எண்ணை எடுத்துக் குறித்து வையுங்கள். கூடுதலாகக் கட்டியும் அந்த எண் இறங்கவில்லை என்றால் எங்கோ தவறு இருக்கிறது.

பெரும்பாலும் தவறு இருக்கும் இடம், பணம் வரவு வைக்கப்பட்ட விதம். இணைய வங்கியில் கடன் கணக்குக்கு 3,000 அனுப்புகிறோம், பணம் போய்விடுகிறது, நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் சில இடங்களில் அந்தப் பணம் அசலில் கழியாமல் "முன்கூட்டி வந்த தவணை" என்று ஒதுங்கி நிற்கும். அடுத்த இஎம்ஐக்கு அதை எடுத்துக்கொள்வார்கள், வட்டி ஒரு காசும் குறையாது. கண்டுபிடிப்பது எளிது. கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் கூடுதல் தொகை கட்டிய நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள அசல் நிலுவையைப் பாருங்கள். 29,40,290 என்று இருந்தது 3,000 கட்டியதும் 29,37,290 ஆக வேண்டும். ஆகவில்லையா, அன்றே எழுதுங்கள். மூன்று விஷயம் எழுதினால் போதும்: இந்தத் தேதியில் கட்டிய இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும், திருத்திய அட்டவணையை அனுப்பவும். பார்ட் பேமென்ட்டுக்கு, அதாவது தவணைக்கு மேல் அசலில் கட்டும் தொகைக்கு, வங்கி குறைந்தபட்ச அளவு விதித்திருந்தால், தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டலாம், பெரிய நட்டமில்லை. மாறா வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கான அபராதக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு வரை கட்டணமில்லாமல் கட்டலாம் என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

வட்டியை எந்தக் கணக்கில் போடுகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். தினசரி நிலுவைக்கு வட்டி என்றால் சம்பளம் வந்த அன்றே கட்டுவது லாபம். மாத நிலுவைக்கு என்றால், கணக்கு முடிக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்பு கட்டினாலும் மாதத் தொடக்கத்தில் கட்டினாலும் ஒன்றுதான்.

இனி, எவ்வளவு கூடுதலாகக் கட்டுவது? மனக்கணக்கில் பட்ஜெட் போடாதீர்கள், மனக்கணக்கு எப்போதும் குறைத்துத்தான் காட்டும். கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் தனியே எழுதுங்கள்: பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், வீட்டு வரி, வண்டி சர்வீஸ், டயர், பல் மருத்துவர், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கான பயணம், வீட்டு ரிப்பேர். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் வருவதும் ஒரு மாதச் செலவுதான். அதைத் தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டுவிட வேண்டும். இந்த முறை உடைந்துபோன குடும்பங்களில் உடைந்த இடம் பெரும்பாலும் இதுதான். ஜனவரி முதல் மே வரை கூடுதலாகக் கட்டுவார்கள், ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும், கையில் இல்லை, கிரெடிட் கார்டில் போடுவார்கள். கார்டு வட்டி வீட்டுக்கடன் வட்டியைப் போலப் பல மடங்கு. ஐந்து மாதம் மிச்சம் பிடித்தது ஒரே அடியில் போய்விடும்.

இதற்கு முன்பே அவசர நிதி இருக்க வேண்டும். இஎம்ஐயையும் சேர்த்து ஆறு மாதச் செலவு, ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். வீட்டுக்கடனில் கட்டிய பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதில் உபரிப் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைத்தால் வட்டியும் குறையும், தேவைக்கு எடுத்தும் கொள்ளலாம். வட்டி விகிதம் சற்றே கூடுதலாக இருக்கும். வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு அந்தக் கூடுதலைக் கொடுப்பது தகும். எடுக்கும் வசதி இருந்தால் எடுத்துவிடுவோம் என்று தெரிந்தவர்களுக்குச் சாதாரணக் கடனே நல்லது.

இவை எல்லாம் போக மாதம் சராசரியாக 5,000 மிஞ்சுகிறது என்றால், நிலையான கூடுதல் தொகையாக 3,000 மட்டும் வையுங்கள். மீதி கணக்கிலேயே இருக்கட்டும். ஆண்டு முடிவில் அது அப்படியே இருந்தால் பாதியைக் கடனில் கட்டிவிட்டு, பாதியைக் குடும்பம் விரும்பிய ஒன்றுக்குச் செலவழிக்கலாம். முழு 5,000-ஐயும் கட்டினால் அட்டவணையில் அழகாக இருக்கும், ஆனால் ஒரு எதிர்பாராத மாதம் வந்தால் நிறுத்த வேண்டி வரும். ஒருமுறை நிறுத்தியதை மீண்டும் தொடங்குவது கடினம்.

ஆண்டுதோறும் இஎம்ஐயை 5 சதவீதம் ஏற்றும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மேலே சொன்ன கடன் அப்படிக் கட்டினால் 12 ஆண்டு 3 மாதத்தில் முடிந்துவிடும், அது உண்மை. ஆனால் பன்னிரண்டாம் ஆண்டில் மாதத் தவணை 44,500-ஐத் தாண்டியிருக்கும். இன்று மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்போது பதினைந்து. வருமானம் அதே வேகத்தில் ஏறும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? சம்பளம் உண்மையாக உயர்ந்த பிறகு, அந்த உயர்வில் பாதியைக் கூடுதல் தொகையில் சேர்ப்பதையே நான் சொல்வேன். மறு பாதி வீட்டுக்கு வருவதால் யாருக்கும் தண்டனையாகத் தெரியாது.

சிக்கனத்தைப் பொறுத்தவரை, ஒருமுறை முடிவெடுத்தால் தானே ஓடும் சிக்கனம் நீடிக்கும். தினமும் பல்லைக் கடிக்க வேண்டிய சிக்கனம் நீடிக்காது. பார்க்காத சந்தாக்களை ரத்து செய்வது, மொபைல் திட்டத்தை மாற்றுவது, காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது மூன்று இடத்தில் விலை கேட்பது, இரண்டாவது வண்டி உண்மையில் தேவையா என்று பார்ப்பது, இவை அரை நாள் வேலை, பலன் ஆண்டுக்கணக்கில். மளிகையில் வேலை செய்வது இரண்டே விஷயம்: கடைக்குப் போகும் முன் அலமாரியைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது, பாக்கெட் விலையைப் பார்க்காமல் 100 கிராம் விலையை ஒப்பிடுவது. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பிவிட வேண்டாம், கெட்டுப்போகும் பொருளில் அது நட்டம்.

வெட்டவே கூடாத இடங்கள் உண்டு. வண்டியின் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் எஞ்சின் செலவாக வரும். கூரைக் கசிவைத் தள்ளிப்போட்டால் ஈரம் கம்பியில் இறங்கித் துரு ஏறி, சிமென்ட் பெயர்ந்து, பூச்சு வேலையில் முடிய வேண்டியது கான்கிரீட் வேலையாக மாறும். சொத்தைப் பல்லை விட்டால் வேர் சிகிச்சை. கடன் அளவுக்காவது ஆயுள் காப்பீடு இருக்க வேண்டும், பிரீமியத்தை மிச்சம் பிடித்துக் கடன் கட்டுவது குடும்பத்தைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

வீட்டில் சம்பாதிக்கும், சம்பாதிக்காத இருவருக்கும் கணக்குக் கேட்காத கைச்செலவுப் பணம் சமமாக இருக்க வேண்டும். தொகை சிறியதாக இருக்கலாம், கேள்வி மட்டும் வரக் கூடாது. "இது எதற்கு வாங்கினாய்" என்று ஒருவர் கேட்க ஆரம்பித்தால், மற்றவர் பில்லை மறைக்க ஆரம்பிப்பார். அதன் பிறகு எந்த பட்ஜெட்டும் உண்மையாக இருக்காது. மாதம் ஒருமுறை இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து நிலுவை எவ்வளவு, அடுத்த இரண்டு மாதத்தில் வரும் பெரிய செலவு என்ன என்று மட்டும் பாருங்கள். போன மாதம் யார் எதில் அதிகம் செலவழித்தார் என்ற விசாரணை வேண்டாம்.

பிள்ளைகளிடம் "பணம் இல்லை" என்று சொல்வதைத் தவிர்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கு அது பயமாகத்தான் போய்ச் சேரும். "இந்த மாதம் இதற்கு ஒதுக்கவில்லை, அடுத்த மாதப் பட்டியலில் எழுதிக்கொள்வோம்" என்றால் புரிந்துகொள்வார்கள், ஆனால் எழுதியதை மறக்காமல் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் 100 கட்டம் போட்டு, அசலில் ஒவ்வொரு சதவீதம் கழியும்போதும் ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிக்கக் கொடுங்கள். நம் உதாரணக் கடனில் வெறும் இஎம்ஐ கட்டினால் முதல் ஆண்டு முழுவதும் இரண்டு கட்டம்தான் நிறையும். மாதம் 3,000 சேர்த்தால் மூன்று நிறைந்து நான்காவது தொடங்கியிருக்கும். பெரியவர்களுக்கும் அந்தத் தாள் உதவும்.

கூடுதல் கட்டுவதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிய அடையாளங்கள்: கார்டு நிலுவை ஒரு மாதமாவது முழுதாக அடையாமல் நிற்பது, அவசர நிதி மூன்று மாதத்துக்குக் கீழே இறங்குவது, பிரசவம், நீண்ட மருத்துவம், வேலை மாற்றம். நிறுத்தும்போதே மீண்டும் தொடங்கும் மாதத்தை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இஎம்ஐ ஓடிக்கொண்டே இருப்பதால் கடன் பின்னால் போகாது.

முடிவு நெருங்கும்போது அவசர நிதியை வழித்துக் கடனை மூடும் ஆசை வரும், வேண்டாம். மூடும் நாளுக்கான சரியான தொகையை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள், அன்றைய நாள் வரையான வட்டி சேர்ந்திருக்கும். கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்று, அடமானம் நீக்கிய பதிவு, அசல் பத்திரங்கள் மூன்றும் கைக்கு வர வேண்டும். கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியல் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திரத்தையும் பக்க எண்ணோடு சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்து, மீதிக் காசோலைகளைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் மதிப்பெண் அறிக்கையை எடுத்து, கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.