நுவரெலியாவில் ‘தேயிலை ருசி உலா’வுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஏப்ரல் சீசன் வரப்போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் இப்போதே அறையும் வாடகை வானும் தேடத் தொடங்கியிருப்பீர்கள். அதோடு சேர்த்து “முழுநாள் தேயிலை ருசி உலா, தோட்டத்துச் சாப்பாட்டோடு” என்று யாராவது விளம்பரம் அனுப்பினால், பணம் போடுவதற்கு முன் எங்களுக்கு நடந்ததைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நாலு பேருக்கு 66,000 ரூபா கொடுத்து ஏமாந்து வந்திருக்கிறோம்.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். எங்கள் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடித்ததெல்லாம் தோட்டத்தில் கொடுக்கும் தூளில் போட்ட சாயத்தண்ணிதான். அம்மா கிள்ளிக் கொடுத்த கொழுந்து ஸ்டோருக்குள் (தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை இப்படித்தான் சொல்வோம்) போய் என்ன ருசியாக மாறி வெளியே வருகிறது என்று யாரும் அவருக்கு ஒரு கோப்பையில் ஊற்றிக் காட்டியதில்லை. இந்த யோசனை எனக்கு வந்ததே மச்சானால்தான். என் மனைவியின் அண்ணன் கனடாவில் இருக்கிறார். நயாகராப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒருநாள் வைன் ருசி பார்க்கப் போன கதையைப் போன தடவை வந்தபோது சொன்னார். பனிக்காலத்தில் கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பறித்துச் செய்யும் ஐஸ்வைன், ஒவ்வொரு கிளாஸையும் ஊற்றும்போது எந்தக் காணியில் விளைந்தது, அந்த வருடம் மழை எப்படி என்று சொல்வது, நடுவில் அந்த ஊர்ச் சீஸும் பாணும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “நம்ம தேயிலைக்கும் இப்படிச் செய்வாங்களா தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனதில் தங்கிவிட்டது.

பெப்ரவரியில் மச்சான் மறுபடி வந்தபோது வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் கிடைத்தது. மூன்று தோட்டங்கள், ஓடும் தொழிற்சாலை, ஏழு பிரதேசத்துத் தேநீர், லயத்து வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கீரையும் கருவாட்டுக் குழம்பும். ஆளுக்கு 16,500. எல்லாக் கட்டணமும் அதற்குள் அடக்கம் என்றார்கள். பாதிப் பணத்தை முன்கூட்டியே போடச் சொன்னார்கள். அவர்கள் தந்த கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, போட்டுவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு வரவேண்டிய வான் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. பரவாயில்லை என்று ஏறினோம். நானுஓயா தாண்டும்போது அம்மா என் காதருகே சொன்னார்:

“நேத்து போயா. மலைக்கே ஆள் போயிருக்காது. இன்னைக்கு ஸ்டோர்ல என்னத்த ஓட்டுவாங்க?”

போயா என்றால் பௌர்ணமி விடுமுறை. நான் அதை வழிகாட்டித் தம்பியிடம் கேட்டேன். “எல்லாம் ஓடும் அண்ணே, நீங்க யோசிக்காதீங்க” என்றார்.

தேயிலை ஸ்டோரைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பலாம். இன்று எடுத்த கொழுந்து இன்றே தூளாவதில்லை. கொழுந்து மடுவம் என்கிற கொட்டகையில் எடை போட்டு, மாலையில் ஸ்டோருக்குக் கொண்டுபோய், நீளத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு இரவு முழுக்க வாட்டுவார்கள். விடிய மூன்று நாலு மணிக்கு இலையை நசுக்கும் ரோலர் ஓடத் தொடங்கும். நசுங்கிய இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும். அப்புறம் சூட்டில் காய்ந்து, சல்லடையில் பிரிந்து பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று தூளின் பருமனுக்கேற்பத் தனித்தனி ரகமாகும். பத்து பதினொரு மணிக்குள் பெரிய வேலை முடிந்துவிடும். அதனால் கொழுந்து எடுக்காத நாளுக்கு மறுநாள் காலையில் ரோலரில் போட இலையே இருக்காது. அம்மாவுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்த அறிவு இல்லை. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிக்கோ அது தெரியவில்லை, அல்லது தெரிந்தே கூட்டிப்போனார்.

‘முதல் தோட்டம்’ என்றது ரோட்டோரத்து விற்பனைக் கடை. அதன் பின்னால் ஒரு சின்னத் தேயிலைச் சரிவு, அதில் புதுச் சேலை கட்டி முதுகில் கூடை மாட்டிய மூன்று பெண்கள். படம் எடுத்தால் ஆயிரம் ரூபா என்றார் வழிகாட்டி. இதுவும் விளம்பரத்தில் இல்லை. மச்சான் கொடுத்தார். அம்மா படத்துக்கு நிற்கவில்லை. நேராக அந்தப் பெண்களிடம் போய், எந்த டிவிசன், எத்தனாம் நம்பர் மலை, எத்தனை பிள்ளைகள் என்று பேசத் தொடங்கிவிட்டார். திரும்பி வரும்போது அவர் கையில் கொழுந்துகள் சில இருந்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ளதைத் தனியாக எடுத்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். “இந்த மொட்டைத் தடவிப் பாருங்க தம்பி, பூனைக்குட்டி காது மாதிரி இருக்கும். இதுக்கு அங்கிட்டு நாலாவது இலை, அஞ்சாவது இலைன்னு போனா வெறும் சக்கை.” அந்த நாள் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான பாடம் இதுதான். இன்னொன்றையும் அம்மா கேட்டு வந்திருந்தார். படத்துக்கு வாங்கும் ஆயிரத்தில் அந்தப் பெண்கள் கைக்குப் போவது நூறு ரூபாவாம். அவர்கள்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. 2024இல் 1,350 ரூபா ஆக்கிய நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், எங்களிடம் ஒரு ஆளுக்கு வாங்கிய பணம் பன்னிரண்டு நாளுக்கு மேல் மலையேறிச் சம்பாதிக்க வேண்டிய பணம். அதில் நூறு ரூபாவையாவது அவர்கள் கண்டார்கள்.

ஸ்டோரில் அம்மா சொன்னபடியேதான். ரோலர்கள் துடைத்துவைத்த மாதிரி நின்றன, வாட்டும் தட்டுகள் காலி. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் மட்டும் இருந்தார். வாசலில் தனியாகச் சீட்டும் எடுக்கவைத்தார்கள். “கட்டணம் சேர்த்துத்தானே வாங்கினீங்க?” என்று கேட்டதற்கு “அது வான் கட்டணம் அண்ணே” என்று பதில். பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். ‘மூன்றாவது தோட்டம்’ சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே வானை நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்தது.

சரி, ருசி பார்க்கும் கட்டத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பணம் வாங்கியதே இதற்குத்தான்.

முறையாகச் செய்கிற இடத்தில் முதலில் உலர்ந்த தூளைக் கண்முன்னே காட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கிராம் நிறுத்து, மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் கோப்பையில் போட்டு, அப்போதுதான் கொதித்த தண்ணீரை ஊற்றி ஐந்தாறு நிமிடம் விடுவார்கள். கோப்பையின் விளிம்பில் சின்னப் பற்கள் இருக்கும். அதை மூடியோடு கிண்ணத்தின்மேல் சாய்த்துவைத்தால் சாயம் மட்டும் இறங்கும், இலை உள்ளே தங்கும். நனைந்த இலையைக் கவிழ்த்த மூடியின்மேல் வைத்துக் காட்டுவார்கள். நல்ல இலை புதுச் செம்புக்காசு மாதிரி மினுங்கும். அப்புறம் கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றித் துப்ப வேண்டும். பால் சேர்ப்பதும் சேர்க்காததும் அந்தந்த இடத்துப் பழக்கம், ஆனால் சீனி கிடையாது.

எங்களுக்கு வைத்தது ஏழு பிளாஸ்க். ஆமாம், காலையிலேயே ஊற்றி நிரப்பிய பிளாஸ்க். ஒவ்வொன்றிலும் நுவரெலியா, டிம்புள, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, றுகுண என்று பெயர் ஒட்டியிருந்தது. கடதாசிக் கோப்பையில் ஊற்றினார்கள். ஏற்கெனவே சீனி போட்டிருந்தது.

நிறத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிட்டது. ஆறாயிரம் அடிக்கு மேலே விளையும் நுவரெலியாத் தேயிலை இளம் பொன்னிறமாக, மென்மையாக இருக்கும். இரண்டாயிரம் அடிக்குக் கீழே விளையும் றுகுணத் தேயிலை கருஞ்சிவப்பாக, கனமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பள்ளிப்பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். எங்கள் முன்னால் இருந்த ஏழும் ஒரே நிறம். அம்மா ஏழையும் ஒவ்வொரு வாய் குடித்துவிட்டு, “ஏழும் ஒரே தூள்தான். ஒண்ணுல மட்டும் சீனி கூட” என்றார். ஊவா பிளாஸ்க்கைக் காட்டி, “இது இந்த வாரம் வந்த புது சீசன் தேயிலை” என்றார் ஊற்றியவர். பெப்ரவரியில்! ஊவாவுக்கு நல்ல பருவம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. காய்ந்த காற்று வீசும் அந்த மாதங்களில்தான் அதற்கு நாக்கில் குளிர்ச்சி ஏறும் அந்தத் தனி வாசம் வருகிறது. பெப்ரவரியில் பருவம் என்றால் அது நாங்கள் நின்றுகொண்டிருந்த டிம்புள பக்கத்துக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை. சொந்த ஊர்த் தேயிலை அதன் நல்ல பருவத்தில் இருக்கும்போது, அதைக்கூட ஒழுங்காக ஊற்றிக் கொடுக்க மனமில்லை. உலர்ந்த தூளைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மேசைக்குக் கீழே இருந்த ஒரேயொரு பெரிய டின்னைத் திறந்து காட்டினார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. லயத்து வீடும் இல்லை, ரொட்டியும் இல்லை. ரோட்டோர ஹோட்டலில் ஆறிப்போன ஃப்ரைட் ரைஸும் கோழிப் பொரியலும். “தோட்டத்துச் சாப்பாடு வெள்ளைக்காரங்களுக்குத்தான் அண்ணே, நீங்க வீட்ல சாப்பிடுறதுதானே” என்றார் வழிகாட்டி. மச்சான் முப்பது வருடமாகக் கனடாவில் சாப்பிடுகிறவர். இருக்கட்டும். எந்த வீட்டில் சாப்பிடுகிறவரானாலும் சொன்ன சாப்பாட்டைக் கொடுக்க வேண்டாமா?

கடைசியில் விற்பனை. ‘சில்வர் டிப்ஸ்’ என்று தங்கநிறப் பெட்டியில் ஐம்பது கிராம் 4,800 ரூபா. மச்சான் கனடாவுக்குக் கொண்டுபோக மூன்று பெட்டி வாங்கினார். வீட்டுக்கு வந்து அம்மா ஒன்றைப் பிரித்துப் பேப்பரில் கொட்டினார். சில்வர் டிப்ஸ் என்பது விரியாத மொட்டு மட்டும். கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளி, ரோலரில் போடாமல் உலர்த்துவது. வெள்ளி மயிர் படர்ந்து ஊசிபோல இருக்கும், தண்ணீரில் போட்டால் வெளிர் மஞ்சள்தான் இறங்கும். பேப்பரில் கிடந்தது வெளிறிய காம்புத் துண்டும் நாரும். அம்மா விரலால் தள்ளித் தள்ளி மூன்றே மூன்று மொட்டு எடுத்தார். மீதியை வெந்நீரில் போட்டோம், ஒரு நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. பெட்டியில் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இல்லை. பொதி செய்த திகதி, தொகுதி இலக்கம், அதிகபட்ச விலை எதுவுமே இல்லை. கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தால் 14,400 ரூபா மிஞ்சியிருக்கும். நீங்கள் வாங்கினால் திருப்பிப் பாருங்கள். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படி ஒரு உலாவுக்குக் கூப்பிடுகிறவர்களிடம், எந்த ஸ்டோர் என்று பெயரை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பிறகு அந்த ஸ்டோருக்கே நேரடியாக அழைத்து, அன்றைக்கு ரோலர் ஓடுமா, எத்தனை மணிவரை ஓடும் என்று கேளுங்கள். போயாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மறுநாளைத் தவிருங்கள். வழிகாட்டியிடம் சுற்றுலா அதிகாரசபையின் அனுமதி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இருப்பவர்கள் கேட்காமலே காட்டுவார்கள். பணத்தை நிறுவனக் கணக்குக்கு மட்டும் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பழைய யந்திரங்களும் வரலாறும் போதும் என்றால் கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. அது பழைய ஸ்டோர் ஒன்றையே திருத்தி அமைத்த இடம், அங்கே யாரும் ரோலர் ஓடும் என்று பொய் சொல்லப் போவதில்லை.

நான் அவர்களுக்கு அழைத்துப் பாதிப் பணமாவது கேட்டேன். முதல் நாள் “பார்க்கிறோம் அண்ணே” என்றார்கள். மூன்றாம் நாள் என் இலக்கத்தை முடக்கிவிட்டார்கள். நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைத்தேன். எழுத்தில் முறைப்பாடு தரச் சொன்னார்கள். வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், பேப்பரில் கொட்டிய தேயிலையின் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் போன வாரம் அனுப்பிவிட்டேன். பெட்டிகள் இரண்டைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். இதேபோல உங்களிடமும் பெட்டி இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், முறைப்பாட்டுக்கு அதுதான் சாட்சி.

மச்சான் போய்விட்டார். சித்தி மகன் ஒரு ஸ்டோரில் வேலை செய்கிறான். அங்கே தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கேட்டு, வருகிற புதன்கிழமை விடிய நாலு மணிக்கு அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறான். ரோலர் ஓடுவதையும் பார்க்கலாம், பிறகு அவர்கள் ருசி பார்க்கும் மேசையில் அம்மாவுக்கும் ஒரு கரண்டி கொடுப்பார்களாம். அம்மா நேற்றே கம்பளிச் சால்வையை வெயிலில் போட்டு மடித்து வைத்துவிட்டார்.